தண்ணீர் குடித்தாளா?

எங்கள் ஊர் கலாதூத்தில் சனோபர் கையால் யாரும் ரொட்டி வாங்கித் தின்ன மாட்டார்கள். கல்யாண வீட்டுக்கு அவளை அழைக்க மறந்துபோவார்கள்; மறதி என்று சொல்லிக்கொள்வார்கள், அவ்வளவுதான். பிள்ளைத்தாய்ச்சிகள் அவள் எதிரே வந்தால் சுவரோரம் ஒதுங்கிப் போவார்கள். ஆனால் ஒரு வீட்டில் பெண்ணொருத்தி கண்ணை மூடிவிட்டால் முதலில் ஆள் ஓடுவது அவள் வீட்டுக்குத்தான். எங்கள் சுற்றுவட்டாரத்தில் பெண் மையத்தை, செத்த உடலைக் குளிப்பாட்ட அவளை விட்டால் ஆள் இல்லை.

ஊர் முகம் சுளிப்பதைப் பார்த்து மூலையில் உட்கார்ந்து அழுகிற பெண்பிள்ளை இல்லை அவள். "இப்ப மூஞ்சியத் திருப்பிக்கோ. கடைசியில எங்கிட்டத்தான் வந்து மல்லாந்து படுக்கணும். அன்னிக்கு முதுகை நல்லாத் தேய்ச்சு விடுறேன்" என்று முகத்துக்கு நேரே சொல்லுவாள். கேட்டவர்கள் நடையைக் கூட்டுவார்கள். அவள் மட்டும் சிரித்துக்கொண்டே போவாள்.

கூலி என்று தனியாக எதுவும் கிடையாது. செத்தவள் கடைசியாக உடுத்தியிருந்த துணி குளிப்பாட்டியவளுக்குச் சேரும். சனோபரின் புருஷன் கல்யாணமான கொஞ்ச காலத்திலேயே மண்சுவர் இடிந்து செத்துப்போனான். ஒரே மகள் நிகார் அந்தத் துணிகளில்தான் வளர்ந்தாள். நிகார் தெருவில் இறங்கினால் போதும், "ஏய், அது எங்க அத்தையோட பாவாடை" என்று ஏதாவது ஒரு பிள்ளை கத்தும். அவளும் லேசுப்பட்டவள் இல்லை. "உங்க அத்தைக்கு இப்ப வேணுமாம்மா? போய்க் கேட்டுட்டு வா, குடுத்துடறேன்" என்பாள். தாய்க்குத் தப்பாமல் பிறந்த வாய்.

பிறகு ரஷ்யப் படை வந்தது. ஊரில் அவர்களுக்கு ஷூரவி என்று பெயர். நெடுஞ்சாலையில் அவர்களுடைய லாரிகள் வரிசை வரிசையாகப் போயின. லாரிகளை யாரும் மறைந்திருந்து சுடக் கூடாது என்று சாலையோரத் திராட்சைத் தோட்டங்களை வேரோடு பிடுங்கினார்கள், மதில்களை இடித்தார்கள். இந்தப் பக்கம் அவர்களை எதிர்த்து மலைமேல் இருந்தவன் கமாண்டர் அகாஷிரீன். எங்கள் ஊர்க்காரன்தான், முன்னே உலர்திராட்சை வாங்கி விற்றுக்கொண்டிருந்தவன். அவன் ஆட்கள் லாரியைச் சுட்டுவிட்டு மலைக்கு ஓடுவார்கள்; ஷூரவி வந்து எங்கள்மேல் குண்டு போடுவான். பகலில் ஷூரவிக்குப் பயந்தோம், பொழுது சாய்ந்தால் அகாஷிரீனுக்குப் பயந்தோம். நடுவில் சோறு பொங்கித் தின்று, பிள்ளை பெற்று, செத்தவர்களைப் புதைத்துக்கொண்டிருந்தோம்.

ஊரில் சாவு பெருகப் பெருக சனோபருக்கு வேலை குறைந்தது. சொன்னால் நம்ப மாட்டார்கள், ஆனால் அதுதான் நடந்தது. எதிரி கையால் செத்தவர் ஷஹீது. ஷஹீதைக் குளிப்பாட்டுவதில்லை. உடுத்திய துணியோடு, உடம்பில் இருக்கிற ரத்தத்தோடு, அப்படியே குழியில் இறக்க வேண்டும். மறுமையில் அந்த ரத்தமே சாட்சி சொல்லும் என்பார்கள். கபர்க்குழிக்கு மேலே ஒரு கழி நட்டு அதில் பச்சைக் கொடி கட்டுவார்கள். ஊர் இடுகாடான மையவாடியில் கொடிகள் அடர்ந்து, காற்றடித்தால் படபடவென்று ஊரெல்லாம் சத்தம் கேட்கும். கொடி உள்ள வீட்டுக்கு அகாஷிரீன் கோதுமை அனுப்புவான், கிழவர்கள் அந்த வீட்டு ஆண்களுக்கு எழுந்து ஸலாம் சொல்லுவார்கள்.

இதில் ஒரு முடிச்சு இருந்தது. அடிபட்ட இடத்திலேயே உயிர் போனால்தான் குளிப்பு இல்லை. அடிபட்ட பிறகு ஒரு வாய் தின்றாலும், ஒரு மிடறு தண்ணீர் குடித்தாலும் அவர் இந்த உலகத்தைத் திரும்பத் தொட்டுவிட்டார். ஆகவே மற்ற மையத்துகளைப்போல் குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றி அடக்க வேண்டும். மார்க்கக் கிதாபில் ஊருக்குத் தெரிந்த சட்டம் இவ்வளவுதான். ஊர் அதன்மேல் தன் சொந்தச் சட்டத்தைக் கட்டிக்கொண்டது. குளிப்பாட்டினால் ஷஹீது இல்லை, ஷஹீது இல்லையென்றால் கொடி இல்லை என்று பெண்கள் பேச ஆரம்பித்தார்கள். பேச்சு பழக்கமாயிற்று. பள்ளிவாசல் முல்லா குதூஸுக்கு இது தெரியாமல் இல்லை. தப்பு என்று ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவிலாவது சொல்லியிருக்கலாம். அகாஷிரீனுக்குக் கொடி பிடித்திருந்தது, முல்லாவுக்கு அகாஷிரீனிடம் பயம் இருந்தது. வாயை மூடிக்கொண்டார்.

ஆகவே பெண் யாராவது குண்டில் செத்தால் சனோபரைத்தான் கூட்டிப்போவார்கள். குளிப்பாட்ட வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்ய அவள் உள்ளே நுழைந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்பாள். "தண்ணி குடிச்சாளா?"

பஸ்பீபியிடமும் இதைத்தான் கேட்டாள். பஸ்பீபி அடுத்த வீட்டுக்காரி. ஐந்தாவதும் பெண்ணாகப் பிறந்ததால் 'பஸ்', அதாவது போதும் என்று அவள் அப்பன் வைத்த பெயர் அது. அவளுடைய மகள் லைலுமா, கல்யாணம் நிச்சயமான பெண், ஹெலிகாப்டர் சுட்டதில் முற்றத்திலேயே விழுந்தாள். சனோபர் போனபோது தாயின் மடியில் கிடந்தாள். முகம் தெளிவாக இருந்தது. சனோபர் கேட்டாள். பஸ்பீபி பொய் சொல்லியிருக்கலாம். பொய் சொல்லத் தோன்றாத அளவுக்கு அவள் உடைந்து போயிருந்தாள்.

"கேட்டா. குடுத்தேன்" என்றாள்.

"அப்ப தண்ணி கொதிக்க வை" என்று சனோபர் கையை மடித்துவிட்டுக்கொண்டாள். அன்றைக்கு அவள் குரலில் ஒரு தயக்கமும் இல்லை. கபரில் கொடி ஏறவில்லை. லைலுமாவின் மாமியார் ஆக வேண்டியவள் தெருவில் நின்று, "பெத்தவளே பொண்ணோட ஷஹாதத்த ஒரு கெண்டித் தண்ணிக்கு வித்துட்டா" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதை மறுத்து சனோபர் ஒரு வார்த்தை பேசவில்லை. அது அவள் வேலை இல்லை என்று நினைத்தாள்.

நிகாரை சாரிகார் நகரத்தில் லாரி ஓட்டிக்கொண்டிருந்த இத்ரீஸுக்குக் கொடுத்திருந்தது. நல்ல பையன், மாமியாருக்குப் பொரியுருண்டை வாங்கி வருகிறவன். மையத்துக்காரி வீட்டில் பெண் எடுத்தோமே என்று ஒரு நாள்கூட முகம் கோணியதில்லை. ஷூரவி அவனுடைய லாரியைப் பிடித்துக்கொண்டான். ஓட்டுகிறாயா, சிறைக்குப் போகிறாயா என்றான். இத்ரீஸ் ஓட்டினான். ஒரு நாள் சாலையில் புதைத்திருந்த கண்ணிவெடியில் லாரியோடு போய்விட்டான். புதைத்தவர்கள் அகாஷிரீனின் ஆட்கள். செத்தவன் காபிரின் கூலி, அவனுக்கு மையவாடியில் இடம் இல்லை, ஜனாஸாத் தொழுகையும் இல்லை என்று மலையிலிருந்து சொல் வந்தது. அவனுடைய அண்ணன் சாலையோரத்தில் ஒரு பள்ளம் தோண்டி மண்ணைத் தள்ளினான். கொஞ்ச நாளில் நாய்கள் அந்த இடத்தைக் கண்டுபிடித்துவிட்டன. நிகார்தான் போய்க் கல்லடுக்கி மூடிவிட்டு வந்தாள். அதன் பிறகு தாய் வீட்டிலேயே தங்கிவிட்டாள்.

ஊர் அவளை டிரைவர் பெண்டாட்டி என்றது. அகாஷிரீனின் ஆள் ஒருவன் கிணற்றடியில் வைத்து, "உனக்கும் ரோட்டோரம்தான். உம் புருஷன் பக்கத்துலயே இடம் காலியா இருக்கு" என்று சிரித்தான். நிகார், "சரி அண்ணே, நாய் வந்தா உன் பேரச் சொல்லிக் கூப்பிடுறேன்" என்று பதில் சொல்லிவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். ஆனால் அந்தப் பேச்சு சனோபரின் நெஞ்சில் முள்ளாய்த் தங்கிவிட்டது. பிணங்களோடு காலம் தள்ளியவளுக்குச் சாவில் பயம் இல்லை. மகளைச் சாலையோரம் போட்டுவிடுவார்களோ என்ற பயம்தான் அவளைத் தின்றது.

திராட்சை பழுத்திருந்த காலம் அது. முற்பகலில் சாலையில் துப்பாக்கிச் சூடு கேட்டது, பிறகு வெடி, பிறகு கரும்புகை. வழக்கம்போல் பீரங்கிக் குண்டுகள் ஊருக்குள் விழ ஆரம்பித்தன. ஆண்கள் நிலத்தடி வாய்க்காலுக்குள் இறங்கினார்கள். சனோபரும் பஸ்பீபியும் முல்லாவின் மனைவி ஹமீதாவும் பக்கத்தில் இருந்த உலர்கூடத்துக்குள் ஓடினார்கள். திராட்சையைத் தொங்கவிட்டு உலர்த்துகிற உயர்ந்த மண்கட்டடம். சுவரெல்லாம் காற்றுக்காக நீளநீளமாகச் சந்து விட்டிருக்கும். வெளியே இருப்பவனுக்கு உள்ளே இருட்டு, உள்ளே இருப்பவர்களுக்கு வெளியே பளிச்சென்று தெரியும்.

நிகார் கடைசியாக வந்தாள். தோட்டத்தைத் தாண்டும்போது பக்கத்தில் குண்டு விழுந்தது. தாயும் பஸ்பீபியும் அவளைத் தோள்பட்டையில் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டார்கள். தொடையின் மேல்பக்கம் சதை பிய்ந்து தொங்கியது. முக்காட்டுத் துணியைக் கிழித்து இறுக்கிக் கட்டினார்கள். ரத்தம் நிற்பதுபோல் நின்று மறுபடி கசிந்தது. சாரிகாருக்குத் தூக்கிக்கொண்டு போனால் டாக்டர் உண்டு. ஆனால் அதற்குள் தெருமுனையில் இரும்பு வண்டிகள் வந்து நின்றுவிட்டன, படைவீரர்கள் வீடுவீடாக நுழைந்துகொண்டிருந்தார்கள்.

சனோபர் எத்தனையோ முகங்களைக் கடைசியாகப் பார்த்தவள். மகள் உதட்டின் நிறத்தைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"அம்மா, தண்ணி" என்றாள் நிகார்.

ஓடி வரும்போது பஸ்பீபி கையோடு ஒரு கெண்டித் தண்ணீர் கொண்டு வந்திருந்தாள். அதை நீட்டினாள். சனோபர் அதைப் புறங்கையால் தள்ளிவிட்டாள். "கொஞ்சம் பொறுடி" என்று மகளிடம் சொன்னாள். பஸ்பீபி முதலில் புரியாமல் பார்த்தாள். புரிந்ததும் அவள் முகம் மாறியது.

"அடிப்பாவி. உம் பொண்ணுடி அது."

"அதனாலதான்" என்று சனோபர் மூச்சுக்குள் பேசினாள். "குடிச்சா குளிப்பாட்டணும். குளிப்பாட்டினா டிரைவர் பொண்டாட்டிம்பானுங்க. ரோட்டோரம் கொண்டு போடுவானுங்க. ரத்தத்தோட போனா ஒருத்தன் வாயத் தொறக்க முடியாது. கொடி நட்டுத்தான் ஆகணும்."

"செத்த பொறவு எங்க கிடந்தா என்ன? இப்பத்தானே தாகம்."

"உனக்கென்ன, சொல்லுவ. உம் பொண்ணு மையவாடியில படுத்திருக்கா."

பஸ்பீபி கெண்டியை மடியில் வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். "நான் குடுத்தேன், சனோபரு. குடிச்சா. குடிச்சிட்டு, 'ஜில்லுனு இருக்கு'ன்னா. ஊரு என்னென்னவோ பேசுது. அந்த ஒரு சொல்லை வெச்சுக்கிட்டுத்தான் நான் ஓட்டிக்கிட்டு இருக்கேன்."

சனோபர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவள் பார்வை ஹமீதாவின்மேல் இருந்தது. முல்லாவின் மனைவி, அவள் பார்த்தது முல்லாவுக்குப் போகும், முல்லாவிடமிருந்து மலைக்குப் போகும். ஹமீதா அதுவரை இந்தப் பக்கம் பார்த்தபடி தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்தாள். பஸ்பீபி பேசி முடித்ததும் எழுந்து, சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தாள். காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று சனோபர் நினைத்தாள்.

வெளியே தோட்டத்துக் கிணற்றுக்குச் சில படைவீரர்கள் வந்தார்கள். வாளி உள்ளே விழுகிற சத்தம் கேட்டது. சந்து வழியாக எல்லாம் தெரிந்தது. பிள்ளைப் பருவம் தாண்டாத, வெயிலில் கன்றிச் சிவந்த முகங்கள். ஒருவன் வாளியோடு தூக்கிக் குடித்தான். ஒருவன் தலையில் கொட்டிக்கொண்டு நாயைப்போல் உதறினான், மற்றவர்கள் சிரித்தார்கள். ஒருவன் திராட்சைக் குலையைக் கழுவித் தின்றான். மிச்சத் தண்ணீரைத் தரையில் ஊற்றிவிட்டு மறுபடி இறைத்தார்கள். எங்கள் கிணறு, எங்கள் வாளி.

நிகார் அந்தச் சத்தம் வந்த பக்கமே தலையைத் திருப்பி வைத்திருந்தாள். நாக்கு உலர்ந்து ஒட்டிக்கொண்டதால் சொல் குழறியது. முனகல் வெளியே கேட்டுவிடாமல் இருக்கத் தாய் அவள் வாயில் முக்காட்டு முனையை வைத்தாள். நிகார் அதைச் சப்பினாள். காய்ந்த துணி.

வெயில் சந்துகளின் வழியே தரையில் கோடுகோடாக நகர்ந்தது. அன்றைக்குப் பள்ளியில் மதியத் தொழுகைக்கு ளுஹர் பாங்கு சொல்ல ஆள் இல்லை. நிகார் கொஞ்சம் கண்ணை மூடுவாள், திறப்பாள், கேட்பாள். அவள் புத்தி தெளிவாகவே இருந்தது. அதுதான் கொடுமை. ஒரு முறை தாயின் கையைப் பிடித்து அருகே இழுத்தாள்.

"அம்மா, யாருகிட்டயும் சொல்லாத. ஒரே ஒரு வாய்."

சனோபரின் கை கெண்டியின் கழுத்துவரை போனது. திரும்பி உட்கார்ந்திருந்த ஹமீதாவின் முதுகைப் பார்த்தாள். சாலையோரப் பள்ளத்தையும் அதன்மேல் மகள் அடுக்கிய கற்களையும் நினைத்தாள். கையை எடுத்துவிட்டாள். "இன்னும் கொஞ்சந்தான் கண்ணு. அங்க போனதும் ஆறே ஓடுது. அங்க குடிச்சுக்கலாம்" என்று காதில் சொன்னாள். நிகார் தாயைப் பார்த்தாள். அதற்குப் பிறகும் கேட்டாள், ஆனால் அம்மா என்று சொல்லவில்லை. வெறுமனே தண்ணி, தண்ணி என்றாள்.

மாலைத் தொழுகையான அஸர் நெருங்குகிற நேரத்தில் படைவீரர்கள் ஊரின் கீழ்ப்பக்க வீடுகளுக்குத் தீ வைத்துவிட்டு வண்டி ஏறினார்கள். அவர்கள் போன சத்தம் அடங்குவதற்குள் நிகாரின் சத்தமும் அடங்கிவிட்டது. சனோபர் மகளின் கண்ணை மூடினாள், தாடையைக் கட்டினாள், கால் கட்டைவிரல்களைச் சேர்த்தாள். கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. அழுகை வரவில்லை. மகளை ஜெயிக்க வைத்துவிட்டோம் என்றுகூட ஒரு நொடி அவளுக்குத் தோன்றியது.

முல்லா குதூஸ் வாய்க்காலிலிருந்து ஏறி, தாடியெல்லாம் சேறாக வந்து, வாசலுக்கு வெளியே நின்றார். சனோபர் அவர் கேட்பதற்கு முன்பே சொன்னாள். "ஒரு சொட்டு குடுக்கலை. உங்க வீட்டம்மாவே சாட்சி. அப்படியே அடக்கிடலாம்."

முல்லா எப்போது அடிபட்டது, எப்போது உயிர் போனது என்று கேட்டார். சனோபர் சொன்னாள்.

"அதுவரைக்கும் நெனவு இருந்துச்சா?"

"நல்லா இருந்துச்சு. கடைசி வரைக்கும் தண்ணி கேட்டா."

முல்லா தலையைக் குனிந்துகொண்டார். "அப்ப குளிப்பாட்டணும், தங்கச்சி. ஒரு தொழுகை வக்து முழுசும் நெனவோட கடந்துட்டாளே. ளுஹர் வந்து போயிடுச்சு. குடிச்சாலும் குடிக்காட்டியும் இனி ஒண்ணுதான்."

சனோபருக்கு அது உறைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "நான் குடுக்கலையே" என்று மறுபடி சொன்னாள்.

"ஏன் குடுக்கலை? தாகத்துல துடிக்கிறவங்களுக்குத் தண்ணி குடுக்காதன்னு எந்தக் கிதாபுல இருக்கு?" என்றார் முல்லா. குரலில் கோபம் இருந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை. "குளிப்பாட்டினா ஷஹீது இல்லேன்னு யாரு சொன்னா? அதெல்லாம் அல்லாகிட்ட இருக்கு. மையவாடியிலேயே அடக்கலாம், தூக்கிட்டு வாங்க. தடுக்கிறதுக்கு இங்க யாரு இருக்கா? அகாஷிரீன் காலைலயே மலையத் தாண்டிட்டான்."

இந்த வார்த்தைகளை அவர் லைலுமா செத்த அன்றைக்குச் சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? அந்த ஆளை அந்த இடத்திலேயே நாலு பேர் பிடித்து உலுக்கியிருக்க வேண்டும். யாரும் உலுக்கவில்லை. அவர் குழி வெட்ட ஆள் தேடிப் போனார்.

உலர்கூடத்திலேயே பலகை போட்டார்கள். ஷூரவிகள் விட்டுப்போன வாளியில் அதே கிணற்றிலிருந்து ஹமீதா தண்ணீர் இறைத்துக்கொண்டு வந்தாள். வாளியைச் சனோபரின் பக்கத்தில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"நான் எதுக்குச் செவுத்தப் பாத்துத் திரும்பினேன்னு நெனச்ச?" என்று கேட்டாள். "நீ குடுப்பேன்னுதான்."

சனோபர் மகளின் உடுப்பை வெட்டி எடுத்தாள். முறைப்படி அது குளிப்பாட்டுகிறவளுக்குச் சேர வேண்டிய துணி. அதை என்ன செய்வதென்று தெரியாமல் தன் காலடியில் வைத்துக்கொண்டாள். பஸ்பீபி கேட்காமலே வந்து கெண்டியை எடுத்து நீர் மொண்டு ஊற்ற நின்றாள். முதலில் கை, பிறகு முகம். மையத்துக்கு வாய் கொப்பளிக்கவைப்பதில்லை. உதட்டை ஈரத் துணியால் துடைப்பதோடு சரி, உள்ளே தண்ணீர் இறங்கக் கூடாது. எத்தனையோ பேரைக் குளிப்பாட்டிப் பழகிய கை சனோபருடையது.

பஸ்பீபி முகத்தில் ஊற்றினாள். கட்டியிருந்த தாடை லேசாகத் தளர்ந்து நிகாரின் உதடுகள் பிரிந்திருந்தன. தண்ணீர் அந்தப் பக்கம் ஓடியபோது, சனோபரின் உள்ளங்கை தானாகப் போய் மகளின் வாயை மூடியது.

பஸ்பீபி ஊற்றுவதை நிறுத்தினாள். "இப்பவும் மூடுறியேடி" என்றாள்.

சனோபர் தன் கையைப் பார்த்தாள். அது யாருடைய கையோ என்பதுபோல் பார்த்தாள். பிறகு எடுத்தாள். பஸ்பீபியிடமிருந்து கெண்டியை வாங்கி, மூக்குக் குழாயை மகளின் உதட்டில் வைத்துச் சாய்த்தாள். அது முறை இல்லை என்று மூவருக்கும் தெரியும், யாரும் தடுக்கவில்லை. "குடிடி" என்றாள். "குடி, யாரும் பாக்கலை. குடி."

வாய் நிறைந்து, தண்ணீர் இரண்டு கன்னத்திலும் வழிந்து பலகையில் ஓடியது. அவள் ஊற்றிக்கொண்டே இருந்தாள். கெண்டி காலியானதும் பஸ்பீபி அதை வாங்கி மறுபடி நிரப்பிக் கொடுத்தாள்.